எலிசபெத் தெருவின் ஞானத்தகப்பன்

ரொறன்ரோவில், ஸ்காபரோவில் இருந்து நகர நடுவில் இருக்கிற ஸ்பாடைனாவுக்கு வேலைக்குப் போகிற எங்கள் ஆட்கள் குறைவு. நான் சில வருடங்கள் போனேன். வயதானவர்களின் வீட்டுக்குப் போய்க் குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, மருந்தும் சாப்பாடும் எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. சைனா டவுனில் ஒரு அம்மாவுக்கு ஆள் தேவை என்று ஏஜென்சி கேட்டபோது வீட்டில் யாருக்கும் விருப்பமில்லை. பஸ், சப்வே, பிறகு ஸ்ட்ரீட்கார் என்று மாறி மாறிப் போகவேண்டும். எனக்கும் பெரிய விருப்பம் என்றில்லை. ஆனால் கிடைத்த வேலையை விட மனம் வரவில்லை.

முதல் நாள் இறங்கி நடந்தபோது நடைபாதையில் பாதி பெட்டிகளாக இருந்தது. பாகற்காய், கங்குன் கீரை, இஞ்சி, இறால் கருவாடு, வெட்டி வைத்த பலாப்பழம். கண்ணாடிக்குள் வாத்துகள் சிவந்து தொங்கின. ஸ்காபரோவில் வாங்குவதைவிட நல்ல பாகற்காய் என்று நினைத்துக்கொண்டே போனேன். அந்த அம்மாவின் வீடு பெருந்தெருவுக்குப் பின்னால் ஒரு ஒடுக்கமான தெருவில், ஒன்றோடு ஒன்று ஒட்டிய பழைய செங்கல் வீடுகளில் ஒன்று.

அவருக்கு எண்பது கடந்து வெகு நாளாகிவிட்டது. இடுப்பு முறிந்து தேறி வந்திருந்தார். கணவர் இல்லை. மகன் நகருக்கு வடக்கே, மார்க்கம் என்ற ஊரில் பெரிய வீட்டில் இருந்தார். தன்னோடு வந்து இருக்கச் சொல்லி ஒவ்வொரு ஞாயிறும் கேட்டார், ஒவ்வொரு ஞாயிறும் இவர் மறுத்தார். எங்கள் ஆட்களைக் கூப்பிடுகிற பழக்கத்தில் நான் அவரை ‘அன்ரி’ என்றேன். அது அவருக்குப் பிடித்துப்போனது. அவர் பேசியது அசல் ரொறன்ரோ ஆங்கிலம். அதை என் வாய்க்கு வருகிற தமிழில்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கே பிறந்தீர்கள் என்று கேட்டேன். “சிற்றி ஹோலிலை” என்றார். பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகுதான் விளங்கியது. இப்போது நகர மண்டபமும் அதன் முன்னால் பெரிய சதுக்கமும் இருக்கிற இடத்தில்தான் இந்த நகரத்தின் முதல் சைனா டவுன் இருந்தது. எலிசபெத் தெரு என்று பெயர். குளிர்காலத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாடுகிற தடாகத்துக்குக் கிட்டத்தான் அவருடைய அப்பா சின்னச் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். ரயில்பாதை போடச் சீனர்கள் வேண்டும் என்று கூப்பிட்டவர்கள், பாதை போட்டு முடிந்ததும் வருகிற ஒவ்வொருவரிடமும் தலைவரி வாங்கினார்கள். பிறகு வரியும் வேண்டாம், ஆளும் வேண்டாம் என்று சட்டம் போட்டு வாசலைப் பூட்டிவிட்டார்கள். முன்பே வந்த ஆண்கள் ஊருக்குப் போய் மனைவியைப் பார்த்துவிட்டு வரலாம். கூட்டிவர முடியாது. அந்தச் சட்டத்தை நீக்கும்வரை ஒரு தலைமுறை ஆண்கள் அப்படியே தனியாகக் கிழவர்களானார்கள்.

அன்ரியின் அம்மா சட்டம் வருவதற்கு முன்பே வந்து சேர்ந்தவர். அதனால் தெருவில் இருந்த சில பிள்ளைகளில் அன்ரியும் ஒருவர். மற்றபடி தெரு முழுக்க ஆண்கள். தங்கள் பிள்ளைகளைப் பார்க்காத அத்தனை பேரும் இந்தச் சில பிள்ளைகளைத் தூக்கினார்கள், மிட்டாய் வாங்கிக் கொடுத்தார்கள், விழுந்தால் ஓடி வந்தார்கள்.

அவர்களில் ஒருவர் கடைக்கு மேலே அறையில் வாடகைக்கு இருந்தார். சலவைக்கடையில் துணி தேய்ப்பது அவர் வேலை. அன்ரி குழந்தையாக இருந்தபோது ஓயாமல் காய்ச்சல் வந்ததாம். பெற்றோரின் ராசிக்கு இந்தப் பிள்ளை ஒத்துவரவில்லை, பெயருக்கு வேறு ஒரு தகப்பனுக்குக் கொடுங்கள் என்று தெருவில் பெரியவர்கள் சொன்னார்கள். மேல்வீட்டுக்காரரைக் கேட்டார்கள். அவர் ஒரு கிண்ணமும் ஒரு சோடிச் சாப்பாட்டுக் குச்சியும் சிவப்புத் துணியில் சுற்றிக் கொடுத்துப் பிள்ளையை ஏற்றுக்கொண்டார். அன்று முதல் அவரும் அன்ரிக்கு ஒரு அப்பா. அந்த முறைக்கு அவர்கள் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. அன்ரி அதை ஆங்கிலத்தில் சொல்லத் திண்டாடியபோது, நான் மன்னாரில் பிறந்த கத்தோலிக்கப் பெண், எனக்கு உடனே பிடிபட்டது. ஞானத்தகப்பன்.

அவருடைய சட்டையில் எப்போதும் கஞ்சிப்பசை மணக்குமாம். புத்தாண்டுக்குச் சிங்க ஆட்டம் வரும்போது அன்ரியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் போய் நிற்பாராம். அவருக்கு ஊரில் மனைவியும் ஒரு மகளும் இருந்தார்கள். சட்டத்தை நீக்கியதும் பிரஜாவுரிமை வாங்கி, மனைவிக்கு எல்லா அலுவலும் பார்த்தார். மனைவி வரவில்லை. ஏன் என்று அவர் யாருக்கும் சொல்லவில்லை. பிறகு நகர மண்டபம் கட்டுவதற்காக எலிசபெத் தெருவை இடித்தார்கள். கடைக்காரர்கள் மேற்கே ஸ்பாடைனாவுக்கு வந்தார்கள். அதுவரை அங்கே இருந்த யூதர்கள் வடக்கே போய்க்கொண்டிருந்த காலம் அது. அன்ரியின் அப்பா ஒரு யூதக் குடும்பத்திடம்தான் இந்த வீட்டை வாங்கினார். மேல்வீட்டுக்காரரும் கூடவே வந்து பின்னறையில் இருந்தார். வந்து கொஞ்சக் காலத்தில் நெஞ்சுவலியில் போய்விட்டார்.

முன்பெல்லாம் இப்படி இறந்தவர்களைச் சில வருடம் கழித்துத் தோண்டி, எலும்பைக் கழுவி, பெட்டியில் போட்டு ஊருக்கு அனுப்புவார்களாம். அவர் இறந்தபோது சீனாவில் ஆட்சி மாறி அந்த வழி அடைபட்டிருந்தது. அன்ரியின் அப்பா வாங்கிய நிலத்தில் அவரைப் புதைத்தார்கள். அப்பாவுக்குப் பிறகு அந்தக் கல்லறை அன்ரியின் பெயருக்கு வந்தது. ஒவ்வொரு வசந்தத்திலும், சீனர்கள் கல்லறைக்குப் போகிற நாட்களில், அன்ரி போய்ப் புல் பிடுங்கி, படையல் வைத்து, ஊதுபத்தி கொளுத்தி வந்தார். அவருக்கு வேறு யார் இருக்கினம் என்பார்.

இடுப்பு முறிந்த அடுத்த வசந்தத்தில் மகன் கூட்டிப் போக மறுத்தார். நிலம் ஈரமாக இருக்கும், விழுந்தால் இன்னொரு தரம் எழும்ப மாட்டீர்கள் என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். அன்ரி என்னிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை நேரத்தில் நான் யாரையும் வெளியே காரில் ஏற்றக்கூடாது. விடுமுறையில் ஒரு சிநேகிதியாகப் போகலாம்தானே என்று மகனுக்கு போன் எடுத்தேன். சக்கர நாற்காலியில்தான் கொண்டுபோவேன் என்று சொன்னதும் ஓமென்றார். பிறகு என் கணவரைச் சம்மதிக்க வைக்கவேண்டியிருந்தது.

“ஆரோ ஒரு சீனன்ரை சவக்காலைக்கு நான் ஏன் வரவேணும்?” என்று கேட்டார்.

நவம்பரில் ஆத்துமாக்களின் நாளுக்கு நாங்கள் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துவதுபோலத்தான் என்றேன். முணுமுணுத்துக்கொண்டு காரை எடுத்தார். ஸ்பாடைனாவில் நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி வந்தார். அதற்குள் நானும் அன்ரியும் பொரித்த பன்றி இறைச்சி, ஆரஞ்சு நிறத் தோடம்பழம், வெள்ளைச் செவ்வந்தி, செத்தவர்களுக்கு எரிக்கிற தாள் எல்லாம் வாங்கிவிட்டோம். மயானத்துக்குள் போனதும் அந்த மனிதரிடம் ஒரு மாற்றம். சக்கர நாற்காலியைப் புல்லின் மேல் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனார். மேடு வந்த இடத்தில் “பிடிச்சுக்கொள்ளுங்கோ அன்ரி” என்று தமிழிலேயே சொன்னார். அன்ரியும் பிடித்துக்கொண்டார்.

கல்லறைக்குப் போய் மூவரும் திகைத்து நின்றோம். புல் ஏற்கனவே வெட்டப்பட்டிருந்தது. கல் கழுவியிருந்தது. அதன் முன்னால் புதிய தோடம்பழங்களும், எரிந்து முடிந்த ஊதுபத்தியின் சாம்பலும், ஒரு சின்னக் கிண்ணத்தில் மதுவும் இருந்தன.

அன்ரிக்கு சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். அவர் முகம் இறுகிவிட்டது. யாரோ தவறான கல்லுக்கு வைத்துவிட்டார்கள் என்றார். பிறகு, இல்லை, பிழை விட முடியாது, ஊர்ப்பெயரும் ஆள்பெயரும் பெரிதாக வெட்டியிருக்கிறதே என்றும் அவரே சொன்னார். கொண்டுவந்ததை அந்தத் தோடம்பழங்களுக்குப் பக்கத்தில் வைத்தோம். 

அடுத்த நாள் வேலைக்குப் போனபோது உடுப்பு மாற்றி ஆயத்தமாக இருந்தார். மூலைக்கட்டடத்தின் மாடியில் மேல்வீட்டுக்காரரின் குடும்பப் பெயர் கொண்டவர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் லிப்ட் இல்லை. அன்ரியை வாசலில் வைத்துவிட்டு நான் ஏறிப் போனேன். மேலே வயதான ஆண்கள் மாஜோங் விளையாடிக்கொண்டிருந்தார்கள். கல்லறையைப் பற்றி நான் கேட்டதும் காய்கள் புரட்டுகிற சத்தம் நின்றது. ஒருவர் என்னோடு கீழே இறங்கி வந்து அன்ரியிடம் விஷயத்தைச் சொன்னார். சீனாவில் இருந்து வந்து மார்க்கத்தில் இருக்கிற ஒரு பெண், தன் அம்மாவின் அப்பாவைத் தேடிக்கொண்டு வந்தாள். மயானத்துக்கு வழி சொன்னது நாங்கள்தான் என்றார்.

அந்தப் பெண்ணை ஒரு தேநீர்க்கடையில் சந்தித்தோம். ஐம்பது வயதிருக்கும். கணினி வேலை. அன்ரி ஆங்கிலத்தில் தொடங்கினார்; அந்தப் பெண்ணுக்குக் குடும்பக் கதையை அதில் சொல்ல வரவில்லை. அந்தப் பெண் சீனப் பொதுமொழியான மாண்டரினில் சொன்னார். அன்ரிக்கு அது தெரியாது. பிறகு அன்ரி தயங்கித் தயங்கித் தன் வீட்டுப் பேச்சில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார். இருவருக்கும் ஒரே மாவட்டத்துப் பேச்சு. முன்பு சைனா டவுனே அதில்தான் பேசியது. இப்போது ஸ்பாடைனாவில் அதைக் கேட்பதே அரிது என்று அன்ரி சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு அவர்கள் பேசியது எனக்கு எதுவும் விளங்கவில்லை. நான் இறால் கொழுக்கட்டையைச் சாப்பிட்டுக்கொண்டு முகங்களைப் பார்த்தேன். முதலில் இருவரும் சிரித்தார்கள். பிறகு அந்தப் பெண் நீண்ட நேரம் ஏதோ சொன்னார். அன்ரியின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

வீட்டுக்கு வந்து, கட்டிலில் இருத்திய பிறகுதான் எனக்குச் சொன்னார். எலிசபெத் தெருவில் இருந்து ஊருக்குப் போய்வந்த யாரோ ஒருவர், மேல்வீட்டுக்காரரின் மனைவியிடம் ஒரு செய்தி சொல்லியிருக்கிறார். உன் புருஷன் அங்கே ஒரு சின்னப் பெண்ணைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிகிறான். அவள் அவனை அப்பா என்று கூப்பிடுகிறாள். அவ்வளவுதான் சொன்னார். ஞானத்தகப்பன் என்பதைச் சொன்னாரா, சொல்லியும் அந்த அம்மா நம்பவில்லையா, தெரியாது. வா என்று கணவர் அழைத்தபோது, இன்னொருத்தியின் பிள்ளைக்குச் சோறு போட வரமாட்டேன் என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். கடைசிவரை அவர் பேரை எடுக்கவில்லை. மேல்வீட்டுக்காரரும் அதற்குப் பதில் சொல்லவில்லை. பதில் எழுதுவதற்குள் அங்கே ஆட்சி மாறி எல்லாம் குழம்பிவிட்டதோ, அல்லது மனம் உடைந்துவிட்டதோ.

“அந்தச் சின்னப் பெட்டை நான்தான்” என்றார் அன்ரி.

அதோடு முடியவில்லை. மேல்வீட்டுக்காரரின் மகள் இன்னும் ஊரில் உயிரோடு இருக்கிறார். அன்ரியைவிடச் சற்று மூத்தவர். தகப்பன் கடைசியாகக் கப்பலேறியபோது கைக்குழந்தை. தான் சாவதற்கு முன் தகப்பனை எடுத்து வந்து தாய்க்குப் பக்கத்தில் வைக்கவேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதற்காகத்தான் அவருடைய மகள், மேல்வீட்டுக்காரரின் பேத்தி, தேடியிருக்கிறார். கல்லறை அன்ரியின் பெயரில் இருப்பதால் அன்ரி சம்மதிக்காமல் யாரும் தோண்ட முடியாது.

அன்ரி மாட்டேன் என்றுவிட்டார். மனைவிக்கு அவர் வேண்டாமாயிருந்தார், செத்த பிறகு ஏன் பக்கத்தில் கொண்டுபோய்ப் போடவேண்டும் என்று கேட்டார். இத்தனை வருடம் புல் பிடுங்கியது யார்? அடுத்தடுத்த நாட்களில் இதையேதான் சொன்னார். சில நாள் கோபமாக, சில நாள் அழுதுகொண்டு. தான் அந்தத் தோளில் ஏறாமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் ஒன்றாக இருந்திருக்கும் என்று ஒருநாள் குளிக்க வார்க்கும்போது சொன்னார். தண்ணீரை நிறுத்திவிட்டுத் துவாயால் போர்த்தினேன்.

அப்போதுதான் என் கதையைச் சொன்னேன். என் கணவர் கனடாவுக்கு முதலில் வந்தவர். நான் குழந்தையோடு மன்னாரிலும் பிறகு மடு அகதி முகாமிலும் வருடக்கணக்கில் காத்திருந்தேன். கனடாவில் இருந்து வந்த ஒருவர், உன்ரை மனுசன் அங்கை ஒரு பொம்பிளையோடை ஒரே வீட்டிலை இருக்கிறான் என்று என் மாமியிடம் சொன்னார். அது பொய்யும் இல்லை. ஒரு வீட்டில் பலர் அறை அறையாக வாடகைக்கு இருந்தார்கள், அதில் ஒரு குடும்பமும் இருந்தது. எனக்கு அது எப்படித் தெரியும்? முகாமில் போனுக்கு வரிசையில் நின்று, என் முறை வந்தபோது பேசாமல் திரும்பி வந்திருக்கிறேன். வரமாட்டேன் என்ற சொல் என் வாயிலும் இருந்தது.

“அந்த மனுசி உங்களிலை கோவிக்கேல்லை அன்ரி” என்றேன். “காத்திருக்கிற ஆளுக்குத் தூரத்திலை நடக்கிற எல்லாம் தனக்கு எதிராத்தான் தெரியும். வாசலைப் பூட்டி வைச்சவங்களிலை கோவிக்க வழியில்லை. கிட்ட இருக்கிறது புருஷன் பேர் மட்டும்தான்.”

அன்ரி துவாயை இழுத்துப் போர்த்திக்கொண்டார். தலையைத் துவட்டிவிட்டேன். உனக்குக் கை கனம் என்று குறை சொன்னார், வழக்கமாகச் சொல்வதுதான். அதற்குப் பிறகு ஒரு வாரம் அந்தப் பேச்சே இல்லை. பிறகு, பேத்தியை வரச்சொல்லு, ஊரில் இருக்கிற அந்த அக்காவோடு பேசவேண்டும் என்றார்.

ஒரு சனிக்கிழமை காலையில் பேத்தி வந்தார். அங்கே அப்போது இரவாகியிருந்தது. குசினி மேசையில் போனை ஒரு பானையில் சாய்த்து வைத்தோம். அது சரிந்து சரிந்து விழுந்ததால் கடைசியில் நான் கையில் பிடித்துக்கொண்டேன். திரையில் வெள்ளை வெளேரென்ற தலையோடு ஒரு முகம். காது கேளாதோ என்னவோ, மிகக் கிட்ட வந்து நெற்றியை மட்டும் காட்டிக்கொண்டிருந்தார். பேத்தி எனக்காக மெல்ல ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தார்.

அந்த அம்மா மன்னிப்போ எலும்போ எதையும் கேட்கவில்லை. அப்பா என்ன மாதிரி ஆள் என்று கேட்டார்.

அன்ரி யோசித்தார். பிறகு சொல்லத் தொடங்கியவர் நிறுத்தவில்லை. வாயைத் திறக்காமல் சிரிப்பார். கொதிக்கக் கொதிக்கக் கஞ்சி குடிப்பார், ஆறவிடச் சொன்னாலும் கேட்கமாட்டார். இடது கையில் இஸ்திரி சுட்ட தழும்பு. பாடத் தெரியாது, ஆனால் தேய்க்கும்போது பாடுவார். மழை வந்தால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வானத்தைத் திட்டுவார். திரையில் அந்த அம்மா ஆடாமல் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தனக்கும் மழை வந்தால் முழங்கால் நோகும் என்றார். பிறகு, என்னைப் பற்றி ஏதாவது சொல்வாரா என்று கேட்டார்.

பேத்தி இதையும் எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார். அன்ரி பொய் சொல்லியிருக்கலாம். அழகான பொய்கள் எவ்வளவோ இருந்தன.

“நான் குழப்படி செய்தா, ஊரிலை இருக்கிற அக்கா இப்பிடிச் செய்யமாட்டா எண்டுவார்” என்றார் அன்ரி. “ஒவ்வொரு முறையும் உங்களைத்தான் இழுப்பார். எனக்கு உங்களைக் கண்ணிலையும் காட்டக்கூடாது.”

அங்கிருந்து முதலில் சத்தமே வரவில்லை. தொடர்பு போய்விட்டது என்று நினைத்துத் திரையைத் தட்டினேன். பிறகு அந்த அம்மா சிரிப்பது கேட்டது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியாத மாதிரி ஒரு சிரிப்பு. தான் அப்படி ஒன்றும் நல்ல பிள்ளை இல்லை என்றாராம். அன்ரியும் சிரித்தார். போனை வைப்பதற்கு முன் அன்ரி சுருக்கமாக ஏதோ சொன்னார். பேத்தி எழுந்து வந்து, அன்ரியின் இரண்டு கைகளையும் பிடித்துக் குனிந்து நின்றார். அதை எனக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை.

தோண்டுவதற்கு அனுமதி எடுக்கிற அலுவல்கள் முடியக் கோடைகாலம் கடந்துவிட்டது. தோண்டுகிற நாளில் அன்ரி வந்தே தீருவேன் என்றார். இந்த முறை மகனே கூட்டிவந்தார்; நானும் என் கணவரும் போயிருந்தோம். மறைப்புக் கட்டி வேலை செய்தார்கள். எங்களை விலகி நிற்கச் சொன்னார்கள். நீண்ட நேரம் எடுத்தது. பெரிதாக ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. என் கணவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தனக்குத் தெரிந்த செபத்தைச் சொன்னார். பேத்தி சாம்பலாக்கிச் சின்னப் பெட்டியில் எடுத்துக்கொண்டு போனார். விமானத்தில் மடியிலேயே வைத்திருந்ததாகப் பிறகு சொன்னார்.

ஊரில் வைத்த அன்று போனில் காட்டினார்கள். பட்டாசு வெடித்த புகையில் ஒன்றும் தெரியவில்லை. அன்ரி, புகையை விலக்கச் சொல்லு என்று என்னைத் திட்டினார். புகை விலகியபோது ஒரு மேட்டில் இரண்டு கற்கள் தெரிந்தன. அவற்றின் முன்னால் கதிரையில் அந்த அக்கா இருந்தார். யாரோ கையைப் பிடித்துத் தூக்க, அவரும் எங்களைப் பார்த்துக் கையை அசைத்தார்.

அதற்குப் பிறகு இருவரும் வாரத்தில் ஒருநாள் பேசிக்கொண்டார்கள். பெரும்பாலும் வருத்தங்களைப் பற்றித்தான். முழங்கால், நித்திரை, மருமக்கள். சில நாட்களில் சண்டையும் வரும். கொதிக்கக் குடிக்கிற கஞ்சிக்கு இஞ்சி போடுவதா இல்லையா என்று ஒருநாள் பெரிய வாக்குவாதம். கோபத்தில் அன்ரி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார். அடுத்த வாரம் அந்த அக்காவே எடுத்தார்.

மறு வசந்தத்தில் அன்ரி மயானத்துக்குப் போகவேண்டும் என்றபோது எனக்கு ஆச்சரியம். தன் பெற்றோரும் கணவரும் இருக்கிற பக்கத்துக்குத்தான் என்று நினைத்தேன். அங்கே முடித்துவிட்டு, என் கணவரிடம் நாற்காலியைப் பழைய வரிசைக்குத் தள்ளச் சொன்னார். ஞானத்தகப்பன் இருந்த இடத்தில் புதுப் புல் பிடித்திருந்தது. அதற்குப் பக்கத்தில், அதற்கும் பக்கத்தில், எலிசபெத் தெருவில் தனியாக இருந்து செத்தவர்களின் கற்கள், அரைவாசி மண்ணில் புதைந்து கிடந்தன. அன்ரி ஒவ்வொன்றாக எழுத்துக் கூட்டி வாசித்தார். இவர் சமையல்காரர், இவருக்குச் சீட்டு விளையாட்டுப் பைத்தியம், இவர் எனக்குப் பட்டம் கட்டித் தந்தவர் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சிலரைத் தெரியாது என்றார். தெரியாதவர்களுக்கும் ஒவ்வொரு தோடம்பழம் வைக்கச் சொன்னார். பை காலியானதும் என் கணவர் தானாகவே காரை எடுத்துக்கொண்டு போய் இன்னும் வாங்கி வந்தார்.